பதினெட்டு எண்களில் ஓர் ஊர்

கார்த்திகைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ராஜபாளையத்திலிருந்து பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரம்தான். கூடத்தில் அக்கா மகள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். மார்கழி பிறக்கப் போகிறது, தெருப் பிள்ளைகளுக்குத் திருப்பாவை ஒப்பித்தல் போட்டி வைக்கிறார்கள், நோட்டீஸ் தயாரிக்கும் பொறுப்பு இவளுக்கு.

"மாமா, இங்க வந்து பாருங்களேன். ஊர் பேரே உடைஞ்சு கிடக்கு."

பார்த்தேன். நோட்டீஸின் உச்சியில், தடித்த அலங்கார எழுத்தில் ஊர்ப் பெயர். 'வில்லிபுத்தூர்' வரைக்கும் அழகாகத்தான் இருந்தது. முதலெழுத்துதான் சிதைந்திருந்தது. சுழித்து எழும் ஒரே வடிவமாக நிற்க வேண்டிய 'ஸ்ரீ' இரண்டு துண்டாகிவிட்டது. முன்னால் புள்ளி வைத்த ஒரு கிரந்த எழுத்து, ஒட்டாமல், மெலிந்து, வேறு யார் வீட்டுப் பிள்ளையோ போல நின்றது. அதன் பக்கத்தில் தடிமனாக ஒரு 'ரீ'.

அந்தக் கணினி அவளுடைய அண்ணனுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. இப்போது அதில் லினக்ஸ் மட்டும் ஓடுகிறது. அன்று காலைதான் புதிதாக ஓர் எழுத்துருவைத் தேடி இறக்கி நிறுவியிருக்கிறாள். "ஃபாண்டை நான் தப்பா போட்டுட்டேனா மாமா?" என்று கேட்டாள்.

நான் தொண்ணூறுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் டி.டி.பி. கடை நடத்தியவன். கல்யாணப் பத்திரிகை, நூற்பாலைகளுக்கு லெட்டர்ஹெட், கோயில் கொடை நோட்டீஸ் என்று ஆயிரக்கணக்கில் அடித்திருக்கிறேன். எழுத்து உடைவதைப் பார்த்தால் இன்றைக்கும் மனம் ஆறாது. அவள் நிறுவியதில் பிழை இல்லை என்று அப்போதே தெரிந்தது. பிழை எங்கே என்று கண்டுபிடிக்கத்தான் மாலைவரை ஆயிற்று. எழுத்துரு என்றால் என்ன, அதை லினக்ஸ் எப்படித் தேடி எடுக்கிறது, எடுத்ததை எப்படித் திரையில் எழுதுகிறது என்று ஒவ்வொரு படியாக இறங்கித்தான் அதைப் பிடிக்க முடிந்தது.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும் என்பதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுத்து வைத்திருக்கும் பொதுப் பட்டியல் யூனிகோடு. அதன் முதல் பதிப்பு 1991-இல் வந்தது. தமிழுக்கு அதில் 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். நமக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று, ஆக 247 எழுத்துகள். 128 இடத்தில் 247 எப்படி அடங்கும்? உயிர்மெய்கள் அங்கே தனித்தனியாக இல்லை. அகரமேறிய மெய்க்கு ஓர் எண், காலுக்கு ஓர் எண், கொம்புக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண். இவற்றைக் கோத்துத்தான் உயிர்மெய் பிறக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிவது எட்டு எழுத்துகள்: ஸ்ரீ, வி, ல், லி, பு, த், தூ, ர். கணினியின் நினைவகத்தில் இருப்பவை பதினெட்டு எண்கள். 'ஸ்ரீ' ஒன்றுக்கே நான்கு எண்கள்: 3000, 3021, 2992, 3008. ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி. இந்த நான்கும் அடுத்தடுத்து வந்தால் நான்கையும் அழித்துவிட்டு ஒரே வடிவத்தை வை என்று யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் 'ஸ்ரீ' கிடைக்கும். சொல்லிக் கொடுப்பது எழுத்துரு. நல்ல எழுத்துருக் கோப்பில் படங்கள் மட்டும் இருப்பதில்லை, இதுபோன்ற இலக்கணமும் சேர்ந்தே இருக்கிறது. 'பு', 'தூ' இரண்டும் அப்படித்தான். உகர, ஊகாரக் குறிகள் மெய்க்கு மெய் வேறு வடிவம் எடுப்பவை. 'பு' ஒரு விதம், 'கு' ஒரு விதம், 'து' இன்னொரு விதம். ஒவ்வொரு இணைப்பையும் எழுத்துரு செய்பவர் கையால் வரைந்து, இந்த இரண்டு எண் சேர்ந்தால் இந்த வடிவம் என்று விதியும் எழுதி வைக்க வேண்டும்.

எங்கள் ஊர்ப் பெயர் இன்னொரு சோதனை வைக்கிறது. ராஜபாளையம் பத்து எண்கள், ஆறு எழுத்துகள். இதில் 'ளை'யைப் பாருங்கள். நினைவகத்தில் ள முதலில் (2995), ஐகாரக் குறி அடுத்து (3016). நாம் வாயால் சொல்லும் வரிசையும் அதுதான். ஆனால் எழுத்தில் இணைக்கொம்பு முன்னால் போய் நிற்கிறது. ஆகவே படம் போடுவதற்கு முன் யாரோ ஒருவர் வரிசையை மாற்ற வேண்டும். லினக்ஸில் அந்த வேலையைச் செய்பவர் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள். ஈரானில் பிறந்து கனடாவில் குடியேறிய பெஹ்தாத் எஸ்ஃபஹ்பொத் அதன் முதன்மை ஆசிரியர். பெயர் பாரசீகம்: ஹர்ஃப் என்றால் எழுத்து, பாஸ் என்றால் திறந்தது. ஃபயர்ஃபாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரெஆஃபிஸ் எல்லாம் இன்று இதைத்தான் நம்பி நிற்கின்றன. ஏதாவது ஒரு மென்பொருளில் கொம்பு இடம் மாறி நின்றால், அங்கே வரிசையை மாற்றித் தர ஆள் இல்லை என்று பொருள்.

எங்கள் கடைக் காலத்தில் இந்த உதவி கிடையாது. ஆகவே நாங்கள் கணினியை ஏமாற்றினோம். ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துருக்கள்தான் புழக்கத்தில் இருந்தன. பாமினி, வானவில் என்று எத்தனையோ. பாமினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தட்டினால் திரையில் 'அம்மா' தெரியும். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். ராஜபாளையம் என்று வர வேண்டுமானால் யு, எச், சதுர அடைப்புக்குறி, ஜி, எச், ஐ, எஸ், ஏ, கே, அரைப்புள்ளி. 'ளை'க்குக் கொம்பை முதலில் தட்டி அப்புறம் ளகரம், தட்டச்சுப் பொறியில் அடித்ததுபோலவே. சிவகாசி அச்சகத்துக்குப் பத்திரிகையை ஃபிளாப்பியில் கொடுத்து அனுப்பும்போது எழுத்துருக் கோப்பையும் கூடவே போட்டு அனுப்புவோம். மறந்துவிட்டால் மணமகன் பெயரும் மணமகள் பெயரும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். ஒரு முறை அப்படி மறந்துபோய், ராத்திரி கடைசி பஸ்ஸில் ஃபிளாப்பியை எடுத்துக்கொண்டு நானே ஓடியிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. அந்தக் கோப்புகளுக்குள் தமிழே இல்லை. தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, எழுத்துரு தொலைந்தால் உரையும் தொலைந்த மாதிரி. பத்து வருடம் நான் அடித்த பக்கங்களில் ஒரு சொல்லைக்கூட இன்று நேரடியாகத் தேட வழியில்லை. மாற்றிகள் கொண்டு ஒவ்வொன்றாக மீட்க வேண்டும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பின் டாம், டாப் என்று அரசுத் தரங்கள் வந்தன, கடல் கடந்த தமிழர்கள் கூடி டிஸ்கி என்ற தரத்தை உருவாக்கினார்கள். எல்லாமே 256 இடத்துக்குள் தமிழைக் குடிவைக்கப் பட்ட பாடுதான். 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதோடு ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ்16 என்ற முறையையும், யூனிகோடு சரியாக வேலை செய்யாத இடங்களுக்கு மாற்றாக அறிவித்தது. எட்டு எழுத்துக்குப் பதினெட்டு எண் எதற்கு, எட்டே எண் போதாதா என்ற அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் கொம்பை இடம் மாற்றத் தெரியாத மென்பொருள்கள் ஒவ்வொன்றாகத் திருந்திவிட்டதால், நடைமுறையில் அந்த வழக்கு தீர்ந்துவிட்டது என்றே நான் நினைக்கிறேன். லிப்ரெஆஃபிஸ் 2017-இல் 5.3 பதிப்போடு எல்லாத் தளத்திலும் ஹார்ஃப்பஸுக்கு மாறியது. பக்கம் அமைக்கும் ஸ்கிரைபஸில், 2024 தொடக்கத்தில் வந்த 1.6 பதிப்பை எடுத்தால் இந்திய மொழி எழுத்துகள் ஒழுங்காக நிற்கின்றன. நான் கடை நடத்தியபோது இவை இருந்திருந்தால் என்று ஏங்காத நாளில்லை.

இனி அக்கா மகளின் கணினிக்கு வருகிறேன்.

லினக்ஸில் எழுத்துருவை நிறுவுவது என்பதற்கு, கோப்பை உரிய அடைவில் கொண்டுபோய் வைப்பது என்பதைத் தவிர வேறு பொருளே கிடையாது. அந்த அடைவுகள் மூன்று. முதலாவது, நம் வீட்டு அடைவுக்குள் மறைந்திருப்பது. புள்ளியில் தொடங்கும் 'லோக்கல்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'ஃபாண்ட்ஸ்'. புள்ளியில் தொடங்கும் அடைவுகள் கண்ணுக்குத் தெரியாது, கோப்பு மேலாளரில் கன்ட்ரோல் விசையோடு எச் அழுத்தினால் வெளியே வரும். 'ஃபாண்ட்ஸ்' அடைவு இல்லாவிட்டால் நாமே உருவாக்கிக்கொள்ளலாம். இங்கே வைத்தால் நமக்கு மட்டும் கிடைக்கும், கடவுச்சொல் கேட்காது. இரண்டாவது, கணினியைப் பயன்படுத்தும் எல்லாருக்கும் கிடைக்கும்படி நிர்வாகி கையால் வைப்பதற்கான இடம், 'யூஎஸ்ஆர்' அடைவுக்குள் 'லோக்கல்', அதற்குள் 'ஷேர்', அதற்குள் 'ஃபாண்ட்ஸ்'. மூன்றாவது, அதே 'யூஎஸ்ஆர்' அடைவில் 'லோக்கல்' இல்லாமல் நேரே 'ஷேர்' வழியாகப் போவது. அது மென்பொருள் களஞ்சியத்திலிருந்து வரும் எழுத்துருக்களுக்கான இடம், அங்கே நாம் கை வைக்கக் கூடாது.

களஞ்சியத்தை முதலில் பார்ப்பதே நல்லது. டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டு, மின்ட் போன்றவற்றிலும் தமிழுக்கென்றே பல பொதிகள் இருக்கின்றன. ரெட் ஹேட் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட லோஹித், கூகுளின் நோட்டோ, சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் தமிழுக்குச் செய்து தந்த மீரா இனிமை, கல்யாணி, மதுரம், பரணர் என்ற பெயர்களில் பழைய எழுத்துருக்கள். மென்பொருள் நிறுவும் சாளரத்தில் தேடினாலே கிடைக்கும். நோட்டோ என்ற பெயரின் கதை எனக்குப் பிடிக்கும். வடிவம் இல்லாத எழுத்துக்குப் பதிலாகத் திரையில் வரும் வெற்றுக் கட்டத்தை டோஃபு என்பார்கள், சோயாக் கட்டியைப் போல இருப்பதால். இனி எந்த மொழிக்கும் டோஃபு கூடாது என்று ஆங்கிலத்தில் 'நோ டோஃபு' என்பதைச் சுருக்கி வைத்த பெயர் அது.

அவள் இறக்கியது களஞ்சியத்தில் இல்லாதது. சுருக்கிய கோப்பாக வந்திருக்கிறது. அதைப் பிரித்து, டிடிஎஃப் என்று முடியும் கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்து, 'நிறுவு' பொத்தானை அழுத்தியிருக்கிறாள். கோப்பு வீட்டு அடைவுக்குள் உரிய இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அடுத்து, கணினிக்குத் தகவல் சொல்ல வேண்டும். எந்த அடைவில் எந்த எழுத்துரு, அதன் குடும்பப் பெயர் என்ன, எந்தெந்த எண்களுக்கு அதில் வடிவம் இருக்கிறது என்று ஒரு குறிப்பேடு வைத்திருக்கும் மென்பொருள் ஃபாண்ட்கான்ஃபிக். கீத் பேக்கார்ட் உருவாக்கியது. டெர்மினலைத் திறந்து எஃப்சி-கேஷ் என்ற கட்டளையைக் கொடுத்தால் குறிப்பேடு புதுப்பிக்கப்படும். பெரும்பாலும் அதுவே தானாகச் செய்துகொள்ளும், கட்டளை கொடுத்தாலும் கெடுதல் இல்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் மென்பொருளை மூடித் திறக்க வேண்டும் என்பதைத்தான் பலர் மறப்பார்கள். இன்னொன்று: நிர்வாகியாக நுழைந்து பொது அடைவில் கோப்பை வைத்தவர்கள், அதை மற்றவர்கள் படிக்க அனுமதி இருக்கிறதா என்று பார்க்க மறந்துவிடுவார்கள். வைத்த கோப்பு வைத்தபடி இருக்கும், பட்டியலில் பெயர் மட்டும் வராது.

எஃப்சி-லிஸ்ட் என்ற கட்டளை அந்தக் குறிப்பேட்டை நமக்குப் படித்துக் காட்டும். தமிழ் தெரிந்த எழுத்துருக்களை மட்டும் காட்டு என்றும் கேட்கலாம். என் பையில் இருந்த பென் டிரைவிலிருந்து பழைய பாமினியை நிறுவிவிட்டு அப்படிக் கேட்டேன், அவளுக்குக் காட்டுவதற்காக. பட்டியலில் பாமினி இல்லை. பத்து வருடம் எங்களுக்குத் தமிழ் எழுதிக் கொடுத்த எழுத்துரு, தமிழ் அறியாத எழுத்துரு என்று பதிவாகியிருந்தது. ஃபாண்ட்கான்ஃபிக் படங்களைப் பார்ப்பதில்லை, எண்களைப் பார்க்கிறது. அதன் கணக்கில் பாமினி ஓர் ஆங்கில எழுத்துரு. அவள் சிரித்துவிட்டு, "பாவம் மாமா பாமினி" என்றாள்.

அவள் நிறுவிய அலங்கார எழுத்துரு பட்டியலில் இருந்தது. தமிழ் தெரிந்ததுதான். அப்புறம் ஏன் 'ஸ்ரீ' மட்டும் உடைகிறது? தனியாக ஒரு வெற்றுப் பக்கத்தில் அவளைத் தட்டச்சச் சொன்னேன். ஊர்ப் பெயர் முழுசாக, அழகாக வந்தது. நோட்டீஸில் இருப்பதோ உடைந்தே நின்றது. "இந்த வரிய எங்கருந்து எடுத்த?" என்றேன். போன வருட நோட்டீஸை யாரோ அனுப்பியிருக்கிறார்கள், அதிலிருந்து நகலெடுத்து ஒட்டியிருக்கிறாள்.

அங்கே பிடிபட்டது. தமிழில் 'ஸ்ரீ' எழுத இரண்டு வழிகள் இருக்கின்றன. இதோ இரண்டும்: ஸ்ரீ, ஶ்ரீ. கண்ணுக்கு வித்தியாசம் தெரிகிறதா? பெரும்பாலான எழுத்துருக்களில் தெரியாது. முதலாவது 3000-இல் தொடங்குகிறது, அதாவது ஸ. இரண்டாவது 2998-இல், அதாவது ஶ என்ற கிரந்த எழுத்தில். இந்த ஶ 2005-இல் வந்த யூனிகோடு 4.1-இல்தான் தமிழ்ப் பட்டியலில் சேர்ந்தது. சமஸ்கிருத உச்சரிப்பின்படி ஸ்ரீயின் முதல் ஒலி அதுதான். ஆகவே அது வந்தபின் யூனிகோடு நூலே, இனி ஸ்ரீக்கு இந்த வரிசையே பொருத்தம் என்று எழுதியது. அதற்குள் உலகம் முழுக்க லட்சக்கணக்கான பக்கங்கள் பழைய வரிசையில் எழுதப்பட்டுவிட்டன. விசைப்பலகைகளிலும் சில பழைய வரிசையைத் தருகின்றன, சில புதியதை. இரண்டும் ஒன்றென்று கணினிக்கு யாரும் சொல்லவும் இல்லை. யூனிகோடின் சமன்பாட்டு விதிகளில் இந்த இரண்டுக்கும் உறவு கிடையாது. ஒன்றைத் தேடினால், மென்பொருள் தனியாகக் கவனமெடுத்தாலொழிய, மற்றது அகப்படாது. ஒரே ஊர் கணினிக்குள் இரண்டு ஊராக இருக்கிறது. பெயர்ப் பட்டியலும் நூலக அட்டவணையும் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

நகலெடுத்த வரியில் இருந்தது 2998. அலங்கார எழுத்துருவிலோ ஶ வரையப்படவே இல்லை. எஃப்சி-லிஸ்டிடம், இந்த எண்ணுக்கு வடிவம் உள்ள எழுத்துருக்கள் எவை என்று கேட்கும் வசதி உண்டு. கேட்டோம். லோஹித் வந்தது, நோட்டோ வந்தது, அவளுடையது வரவில்லை. இல்லாத எழுத்தைக் கண்டதும் லினக்ஸ் கட்டம் போட்டுவிட்டுப் போவதில்லை, வரிசையில் அடுத்த எழுத்துருவிடம் கேட்டு வாங்கி வைக்கிறது. அப்படி இரவல் வாங்கிய 'ஶ்'தான் மெலிந்து நின்றது. ஒரு வடிவமாகச் சேர வேண்டிய நான்கு எண்களில் இரண்டு ஒரு வீட்டிலும் இரண்டு இன்னொரு வீட்டிலுமாகப் பிரிந்ததால், நான்கையும் சேர்க்கும் விதி இரண்டு வீட்டிலும் பயன்படாமல் போயிற்று.

மருந்து இரண்டு. எழுத்தை மாற்றலாம், அல்லது எழுத்துருவை. வரியை அழித்துவிட்டு அவளே தட்டச்சியபோது தலைப்பு சரியாகிவிட்டது. ஆனால் உள்ளே இன்னும் பல இடங்களில் அதே நகல் இருந்ததால், நோட்டீஸ் முழுவதையும் நோட்டோவுக்கு மாற்றிவிடலாம் என்றாள். மாற்றினாள், மாறவில்லை. இதுவும் பலரைக் குழப்பும் இடம். லிப்ரெஆஃபிஸ் ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்கு ஓர் எழுத்துருவும், தமிழ், அரபு போன்ற சிக்கலான அமைப்புள்ள எழுத்துகளுக்கு வேறோர் எழுத்துருவும் தனித்தனியாக வைத்துக்கொள்கிறது. பாணி அமைப்பில் மேலே உள்ள பெட்டியில் என்ன மாற்றினாலும் தமிழ் அசையாது. மொழி அமைப்புகளில் சிக்கலான எழுத்தமைப்பு என்ற தேர்வை இயக்கினால்தான் இரண்டாவது பெட்டி கண்ணில் படும். அங்கே மாற்றியதும் பக்கம் முழுக்க ஒரே முகமாயிற்று.

கடைசியாகத் திரையில் புள்ளி வைத்துக் கோலம் போடுபவர் ஒருவர் உண்டு. ஃப்ரீடைப். டேவிட் டர்னர் 1996-இல் தொடங்கியது. எழுத்துருக் கோப்பில் எழுத்துகள் வளைகோட்டுச் சமன்பாடுகளாக இருக்கின்றன, எவ்வளவு பெரிதாக்கினாலும் பிசிறடிக்காது. திரையோ கட்டங்களால் ஆனது. அங்குலத்துக்கு 96 புள்ளி கொண்ட பழைய திரையில் 12 புள்ளி அளவு எழுத்துக்குக் கிடைப்பது 16 கட்ட உயரம். அதற்குள் ணகரத்தின் சுழிகள் எல்லாம் அடங்க வேண்டும், மெய்யின் புள்ளி அதன் தலையோடு ஒட்டிவிடக் கூடாது. கோடு பாதி கடக்கும் கட்டத்துக்கு முழுக் கறுப்பு தராமல் சாம்பல் நிறம் தந்து ஃப்ரீடைப் சமாளிக்கிறது. தமிழ் எழுத்துரு வரைபவர்கள் புள்ளியைச் சற்றே தூக்கி வைப்பதும் சுழியின் வயிற்றைத் திறந்து விடுவதும் இதற்காகத்தான்.

மாலைக் காப்பி வந்தது. அக்கா, "ஒரு நோட்டீஸுக்கு இம்புட்டு நேரமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்கு இன்னொரு ஆசை இருந்தது. இந்தக் கணினியில் எங்கள் இரண்டு ஊரையும் சேர்த்து ஒரு பக்கம் அடிக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் கதையைக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் 'ஆமுக்த மால்யத' என்று காவியமாகப் பாடினார். அதைத் தமிழாக்கியவர் எங்கள் ராஜபாளையத்துப் பன்மொழிப் புலவர் மு. கு. ஜகந்நாத ராஜா. எங்கள் ஊரில் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைய. காவியத்தின் பெயரை மேலே தெலுங்கிலும் கீழே தமிழிலும் அடித்தேன். யூனிகோடு பட்டியலில் தமிழ் 3071-இல் முடிகிறது, தெலுங்கு 3072-இல் தொடங்குகிறது. இடையில் ஓர் எண்கூட இல்லை, பக்கத்துப் பக்கத்து வீடு. நோட்டோ தமிழில் தெலுங்கு வடிவங்கள் இல்லை. ஃபாண்ட்கான்ஃபிக் போய் நோட்டோ தெலுங்கிடம் வாங்கி வந்தது. காலையில் ஊர்ப் பெயரை உடைத்த அதே இரவல் முறைதான், இங்கே இரண்டு மொழியை ஒரு பக்கத்தில் அமைதியாக உட்கார வைத்தது.

கிரந்தம் அவ்வளவு பக்கத்தில் இல்லை. திருப்பாவைக்குப் பெரியவாச்சான் பிள்ளை எழுதிய மூவாயிரப்படி உரை மணிப்பிரவாள நடையில் அமைந்தது. பழைய பதிப்புகளில் வடசொற்கள் கிரந்தத்திலேயே அச்சாகியிருக்கும். கிரந்தத்துக்கு யூனிகோடில் இடம் தரும் முயற்சி 2010-இல் தமிழ்நாட்டில் பெரிய விவாதமாயிற்று. முடிவில் தமிழோடு கலக்காமல் தனித் தொகுதியாக 70400-இலிருந்து இடம் கொடுத்தார்கள், 2014-இல், 7.0 பதிப்பில். அதற்கும் நோட்டோவில் எழுத்துரு இருக்கிறது. பொதியை நிறுவினால் போதும், உரையாசிரியர்களின் பக்கத்தை இருந்தபடியே கணினியில் அடிக்கலாம். மூவாயிரப்படி என்ற பெயரே ஒரு கணக்குதான். படி என்றால் 32 எழுத்து. மூவாயிரம் படி என்று நூலின் அளவைப் பெயரிலேயே எழுதி வைத்தார்கள். கோப்பின் அளவைப் பைட்டில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

நோட்டீஸைப் பிடிஎஃப் ஆக்கினோம். அதனுள் எழுத்துரு பொதிந்திருக்கிறதா என்று பிடிஎஃப்-ஃபாண்ட்ஸ் என்ற கட்டளையால் சரிபார்த்தோம். பொதிந்திருந்தது. அச்சகத்துக் கணினியில் நோட்டோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் இனி எழுத்து மாறாது. கடைசி பஸ்ஸில் யாரும் ஓட வேண்டியதில்லை.

கிளம்பும்போது அவள் பாட்டியின் திருப்பாவைப் புத்தகத்தை எடுத்து வந்தாள். பழுப்பேறிய தாள். 1978-இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன் அச்சானது. பெரியார் 1935-லேயே குடி அரசில் கையாளத் தொடங்கிய மாற்றம் அது, 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அவற்றில் ணை, லை, ளை, னை நான்குக்கும் முன்பெல்லாம் இணைக்கொம்பு கிடையாது, யானைத் துதிக்கை போல ஒரு வளைவு எழுத்தின் முன்னால் எழும்பி நிற்கும். "இந்த லை வர்ற ஃபாண்ட் கிடைக்குமா மாமா? புத்தகத்தை அப்படியே அடிச்சு வைக்கணும், பாட்டி படிச்ச மாதிரியே."

கிடைக்காவிட்டால் நாமே செய்யலாம் என்றேன். எண்கள் மாறவில்லை. ளவும் ஐகாரக் குறியும் சேர்ந்தால் எந்த வடிவம் என்ற விதிதான் வேறு. ஒரே எழுத்துருவில் புது வடிவத்தை வழக்கமானதாகவும் பழையதை வேண்டும்போது இயக்கும் மாற்றாகவும் வைக்கலாம். உரை அப்படியே இருக்கும், தேடினால் கிடைக்கும். திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானவற்றைத் திறந்து, திருத்தி, பிறருக்குக் கொடுக்க அனுமதி உண்டு. மூல எழுத்துருவுக்குப் பெயர் ஒதுக்கியிருந்தால் நம்முடையதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும், உரிமம் அதே உரிமமாக இருக்க வேண்டும், எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற வரைவு மென்பொருளைக் களஞ்சியத்திலிருந்து நிறுவிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

பத்து நாள் கழித்து ஒரு படம் அனுப்பினாள். துதிக்கை இன்னும் கொஞ்சம் குட்டைதான், வளைவில் கை நடுங்கியிருக்கிறது. ஏன் லையில் தொடங்காமல் ளையில் தொடங்கினாய் என்று கேட்டேன்.

"உங்க ஊர் பேர்ல அதானே மாமா இருக்கு" என்றாள்.